வேலைக்காக ஊர் மாறலாமா? கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் திருப்பாப்புலியூரில் பிறந்து வளர்ந்தவன். வேதியியல் படித்துவிட்டு, கடலூர் சிப்காட்டில் மருந்து மூலப்பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கியூ.சி. (தரப் பரிசோதனை) வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு வருடம் கழித்து 2013-ல் ஐதராபாத் போனேன். அங்கே ஏழு வருடம். 2020-ல் திரும்பி வந்து, இப்போது புதுச்சேரியில் வேலை. வந்த நாளிலிருந்து தெரிந்த பிள்ளைகள், அவர்களுடைய நண்பர்கள் என்று யாராவது போன் செய்து, "அண்ணா, வெளியூர்ல ஆஃபர் வந்திருக்கு, போகட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசுவதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கடலூரில் 30,000 வாங்குகிறேன். சென்னையில் 45,000 தருகிறார்கள். போகலாம்தானே?

நீங்கள் தனி ஆளா, குடும்பத்தோடு போகிறீர்களா? பதில் அங்கேயே பிரிந்துவிடுகிறது.

தனி ஆள் என்றால் நாலு பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, வாடகைக்கு ஐயாயிரம், சாப்பாட்டுக்கு ஆறாயிரம் என்று முடித்துவிடலாம். கையில் நிற்கும். குடும்பம் என்றால் கணக்கு வேறு. மேடவாக்கம் பக்கம் ஒரு படுக்கையறை வீட்டுக்கு 13,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு, தண்ணீர் என்று 1,500. மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு ஊருக்கு வந்து போக 3,000. மொத்தம் 17,500. கூடுதல் சம்பளம் 15,000-தான். பள்ளிக் கட்டணம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. கடலூரில் சொந்த வீட்டில் அப்பா அம்மாவோடு இருந்தபோது ஓர் அடுப்பு எரிந்தது. இப்போது இரண்டு.

சிலர், "வாடகை ரசீது காட்டி வரியை மிச்சம் பண்ணலாமே" என்பார்கள். புதிய வரிமுறையில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு கிடையாது. 2025-26 நிதியாண்டிலிருந்து அந்த முறையில் 12 லட்சம் வரை வரியும் கிடையாது. அதனால் இந்தச் சம்பளத்துக்கு அந்த வழியில் மிச்சமாக ஒன்றும் இல்லை.

குடும்பத்தோடு சென்னைக்கோ பெங்களூருக்கோ போக, பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய இரண்டு மடங்கு சம்பளமாவது வேண்டும். இது என் சொந்தக் கணக்கு. உங்கள் வீட்டு நோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் சம்பளம் குறைவாக ஏறினால் போகவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். நான் போனபோது எனக்கு ஏறியது எட்டாயிரம்தான். குடும்பத்தோடு போனதில் முதல் இரண்டு வருடம் சேமிப்பு கரைந்தது. இருந்தும் போனது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதுதான் முக்கியம்.

கடலூரில் ஆறு வருடமும் நான் செய்தது ஒரே வேலை. சாம்பிள் வரும், ஹெச்.பி.எல்.சி. என்ற பகுப்பாய்வுக் கருவியில் ஓட்டுவேன், ரிசல்ட் எழுதுவேன், ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போவேன். இரண்டாவது வருடத்துக்குப் பிறகு புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. எனக்கு மேலே இருந்தவர் ஓய்வு பெற இன்னும் பன்னிரண்டு வருடம் இருந்தது. அவர் நல்ல மனிதர், ஆனால் அந்த நாற்காலி காலியானால்தான் எனக்கு அடுத்த படி. ஐதராபாத்தில் எனக்குக் கிடைத்தது மெத்தட் டெவலப்மென்ட். ஒரு மருந்தில் எவ்வளவு மாசு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை முறையையே உருவாக்குகிற வேலை அது. மூன்றாவது வருடம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தணிக்கைக்கு வந்தபோது, ஆய்வாளர் எதிரில் உட்கார்ந்து என் பதிவேடுகளை நானே விளக்கினேன். அன்று கை நடுங்கியது. 2020-ல் புதுச்சேரியில் மேலாளர் வேலைக்கு என்னை எடுத்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை ஆடிட் பார்த்திருக்கீங்க?" என்பதுதான்.

ஆகவே ஆஃபர் வந்தால் இதைக் கேளுங்கள்: அங்கே நான் செய்யப்போகும் வேலை என் ஊரில், 30 கிலோமீட்டர் சுற்றளவில், கிடைக்குமா? கிடைக்காது என்றால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் யோசிக்கலாம். இங்கே பார்க்கிற அதே வேலையை அங்கேயும் பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்றால், நீங்கள் ஊரை மாற்றுகிறீர்கள், வேலை அப்படியே இருக்கிறது. வெறும் பதவிப்பெயரில் மயங்காதீர்கள். "சீனியர்" என்று பெயருக்கு முன்னால் போட நிறுவனத்துக்குச் செலவே ஆகாது. நேர்காணலிலேயே, "இந்த இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேளுங்கள். மேலே போயிருக்கிறார் என்றால் நல்ல அடையாளம். ஆறு மாதத்தில் மூன்று பேர் விட்டுப் போயிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

கடலூரில் இருந்து புதுச்சேரிக்கு தினமும் போய் வரலாமா?

தாராளமாக. சுமார் 25 கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்கும் பஞ்சமில்லை. ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம், கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஓடி வந்துவிடும். நேரத்தைத் தின்பது கடைசித் துண்டு, முருங்கப்பாக்கம் தொடங்கி மரப்பாலம் வரை. புதுச்சேரியின் சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ தொழிற்சாலை என்றால் ஊருக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும், அந்தப் பாதி வழி முன்பாதியைவிட நீளமாகத் தெரியும்.

வெளிமாநிலம் போகலாமா என்று குழம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வீட்டை மாற்றாமல் வேலையை மட்டும் மாற்றிப் பார்க்க ஒரு வாய்ப்பு பக்கத்திலேயே இருக்கிறது. கடலூர் சிப்காட்டும் நெய்வேலியும் புதுச்சேரித் தொழிற்பேட்டைகளும் ஒரே பஸ் தூரத்தில் இருக்கும் பகுதி இது. அங்கே எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்ட வேண்டும்.

நான் போனால் என் மனைவி வேலையை விட வேண்டும். என்ன செய்வது?

இதில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். என் மனைவி கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஆஃபர் வந்த அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து, "ஐதராபாத் போறோம்" என்றேன். "போகலாமா?" என்று கேட்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் வேலையை விட்டார். அங்கே மொழி தெரியாமல், தெரிந்தவர் இல்லாமல், மூன்றாவது வருடம்தான் ஒரு பள்ளியில் சேர முடிந்தது. அதுவும் கடலூரில் வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம். என் பயோடேட்டா வளர்ந்த அதே வருடங்களில் அவருடையது காலியாக இருந்தது. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதனால் ஆஃபர் லெட்டரை இருவரும் சேர்ந்து படியுங்கள். மேலே போட்ட கணக்கில் அவர் இழக்கப்போகும் சம்பளத்தையும் எழுதுங்கள். அந்த ஊரில் அவருக்கு வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று நீங்கள் சேருவதற்கு முன்பே விசாரியுங்கள். மாநில அரசு வேலையில் இருப்பவர் என்றால் வேறு மாநிலத்துக்கு இடமாற்றம் என்ற பேச்சே இல்லை. அந்த வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லாதீர்கள். சில வருடம் பிரிந்திருப்பதா, அல்லது நீங்கள் போகாமல் இருப்பதா என்பதுதான் அங்கே கேள்வி. பிரிந்திருப்பது என்று முடிவானால் எத்தனை வருடம் என்று தேதி போட்டு முடிவு செய்யுங்கள். "பார்த்துக்கலாம்" என்று கிளம்பியவர்கள் பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை அப்பாக்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெண்ணுக்கு ஆஃபர் வந்தாலும் இதே கணக்குதான். "அவர் வேலையை விட்டுட்டு வருவாரா?" என்று மாமியார் வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். நோட்டை எடுத்து எழுதிப் பாருங்கள்.

பிள்ளைகளை எந்த வகுப்பில் மாற்றுவது நல்லது?

ஐந்தாம் வகுப்புக்குள் என்றால் பெரிய சிக்கல் இல்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உள்ள பிள்ளையை, வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய, நகர்த்தாதீர்கள்.

இடையில் உள்ள வகுப்புகளில்தான் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அதற்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளையை ஏழாம் வகுப்பில் பெங்களூருக்குக் கூட்டிப்போனால் அந்தக் கதவு மூடிவிடும். பொதுவான இடங்களுக்கும், வெளி மாநிலத்தில் படித்தவர் என்றால் நேட்டிவிட்டி சான்றிதழ், பெற்றோருடைய ஆவணங்கள் என்று நிறையக் கேட்பார்கள். கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். புதுச்சேரியில் உயர்கல்வி இடங்களுக்கு நடக்கும் சென்டாக் கலந்தாய்வில் யூனியன் பிரதேச ஒதுக்கீடு பெற குடியிருப்புச் சான்று வேண்டும். தொடர்ந்து ஐந்து ஆண்டு அங்கே வசித்ததைக் காட்ட வேண்டியிருக்கும். கோட்டக்குப்பத்தில் வாடகை குறைவு என்று தெரு தாண்டிக் குடிபோனால்கூட அது தமிழ்நாடு! நண்பர் ஒருவர் முத்தியால்பேட்டையிலிருந்து அப்படி மாறிவிட்டு, பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த பிறகு அலைந்தார்.

பாடத்திட்டமும் ஒரு விஷயம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. அங்கிருந்து வேறு மாநிலம் போகும் பிள்ளைக்கு அது வசதி. மொழிப்பாடம்தான் திணறும். தெலங்கானாவில் 2018-ல் வந்த சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் தெலுங்கு கட்டாயம். என் மகள் இரண்டாம் வகுப்பில் அழுதுகொண்டே தெலுங்கு எழுதினாள். நாலாம் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். தமிழ் வாசிக்க வீட்டில் தினமும் பதினைந்து நிமிடம் ஒதுக்கினோம். அதை மட்டும் விடாதீர்கள்.

அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அவர்களை விட்டுவிட்டுப் போவது சரியா?

சரி, தப்பு என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஏற்பாடு இருக்கிறதா என்று மட்டும் நான் கேட்பேன்.

நம் ஊருக்குப் புயல் புதிதல்ல. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது நான் இங்கேயே இருந்தேன். அப்பாவோடு சேர்ந்து ஓட்டைப் பிரித்து அடுக்கினேன். 2015 நவம்பர், டிசம்பர் மழையில் கடலூர் மாவட்டம் தண்ணீரில் நின்றபோது நான் ஐதராபாத்தில். ஒன்றரை நாள் வீட்டு போன் எடுக்கவில்லை. கரண்ட் இல்லாமல் சார்ஜ் போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் அது தெரியும்வரை நான் பட்ட பாடு சொல்லி மாளாது. கடைசியில் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு எனக்குச் சொன்னார்.

அதற்குப் பிறகு செய்துகொண்ட ஏற்பாடுகள்: தெருவில் இரண்டு வீட்டு எண்கள், ஒரு ஆட்டோக்காரர் எண், சித்தப்பா மகனிடம் ஒரு மாற்றுச் சாவி. அப்பாவின் பேங்க் கணக்கில் என் பெயரையும் சேர்த்தேன். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் அவர் காட்டும் துறை, அட்டை எண், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து போனில் வைத்தேன். மழைக்காலத்துக்கு ஒரு பவர் பேங்க், டார்ச். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் விடுப்பை மிச்சம் பிடித்து வைப்பேன், தீபாவளிக்குக்கூட எடுக்காமல். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்து புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது ஊரில் இருந்தேன். அன்று வெளியூரில் இருக்கும் மூன்று நண்பர்களின் பெற்றோரைப் போய்ப் பார்த்தேன். மருந்துக்கடைக்காரர் எனக்குச் செய்ததுதான் அது.

பெற்றோரைக் கூடவே கூட்டிப்போவதைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு மாதம் வந்து இருக்கட்டும், அதற்கு மேல் அவர்கள் சொல்லட்டும். என் அம்மா பதினெட்டாம் நாள், "பாடலீஸ்வரர் கோயில் மணி கேக்காம தூக்கம் வரல" என்று கிளம்பிவிட்டார்.

வேலையை விடும் முன் பி.எஃப்., கிராஜுவிட்டி விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

நிரந்தர வேலையில் பொதுவாக ஐந்து வருடம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருட எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 15,000 அடிப்படை, ஐந்து வருடம் என்றால் 43,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. நாலே முக்கால் வருடத்தில் இருப்பவர், புது நிறுவனத்திடம் மூன்று மாதம் தவணை கேட்டுப் பாருங்கள். வீடு மாறும் செலவுக்கு அது ஆகும்.

பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள். யூ.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண் ஒன்றுதான், புது நிறுவனத்தில் அதையே கொடுத்து, பழைய கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி உண்டு. பத்து வருடச் சேவை சேர்ந்தால்தான் பி.எஃப். ஓய்வூதியத்துக்குத் தகுதி வரும், நடுவில் ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

கம்பெனியே இடமாற்றம் போடுகிறது. மறுக்க முடியுமா?

உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். "எந்தக் கிளைக்கும் மாற்றலாம்" என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அப்போது மறுப்பது கடினம், பேரம் பேசலாம். சாமான் ஏற்றும் செலவு, முதல் மாதம் தங்குமிடம், வீடு பார்க்க ஒரு முறை போய்வரும் டிக்கெட், எத்தனை வருடத்தில் திரும்ப மாற்றுவார்கள் என்பது எல்லாம் பேரத்துக்கு உரியவை. பேசியதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். எனக்கு ஒரு நிறுவனம் இடமாற்றச் செலவு தருவதாக வாயால் சொன்னது. சேர்ந்த பிறகு, சொன்னவர் வேலையை விட்டுப் போயிருந்தார். 22,000 ரூபாய் லாரி வாடகை என் கையிலிருந்து போனது.

வாடகை அட்வான்ஸ் எவ்வளவு கேட்பார்கள்?

தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. பெங்களூரில் பத்து மாதம் வாங்கும் வழக்கம் இன்னும் போகவில்லை, பேசினால் குறைப்பார்கள். எந்த ஊராக இருந்தாலும் முதல் இரண்டு மாதம் அறை எடுத்துத் தங்கிவிட்டுப் பிறகு வீடு பாருங்கள்.

பைக்கைக் கொண்டு போகலாமா?

கொண்டு போகலாம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், அந்த மாநில வரியும் கட்ட வேண்டும். டி.என். 31 பழைய வண்டியாக இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், ஊருக்கு வரும்போது ஓட்ட ஆகும். நாலு மாநிலங்களிலாவது கிளை உள்ள நிறுவனத்தில் வேலை செய்பவர் புது வண்டி வாங்கும்போது, மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத பி.ஹெச். வரிசை எண் கேட்கலாம்.

போய்ப் பிடிக்கவில்லை என்றால் ஊரில் என்ன சொல்வார்கள்?

பத்து நாள் சொல்வார்கள். பிறகு அவர்களுக்கு வேறு வேலை வந்துவிடும்.

திரும்பி வருவதற்கும் முன்கூட்டியே திட்டம் வேண்டும். இங்கே உள்ள வீட்டை விற்றுவிட்டுப் போகாதீர்கள். பழைய நிறுவனத்தில் நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்து, கைகுலுக்கிவிட்டு வெளியே வாருங்கள். கடலூர், புதுச்சேரி மருந்துத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். 2020-ல் என் பெயரைச் சொன்னவர், நான் 2013-ல் விட்டுப்போன தொழிற்சாலையின் பழைய மேலாளர்தான், அந்தப் பன்னிரண்டு வருட நாற்காலிக்காரர்.

போகாமல் இங்கேயே இருந்தால் வாழ்க்கையில் முன்னேற மாட்டேனா?

என்னோடு ஒரே நாளில் சேர்ந்த நண்பன் கடலூரை விட்டு நகரவே இல்லை. ஷிஃப்டுக்கு நடுவில் தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. முடித்தான். சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பிரிவுக்கு மாறினான். ரசாயனத் தொழிற்சாலைகள் இருக்கும் இடத்தில் அந்த வேலைக்கு எப்போதும் ஆள் தேவை. இன்று என்னைவிட அவன் சம்பளம் அதிகம். அவனுக்கு அடுத்த படி இங்கேயே இருந்தது. எனக்கு இல்லை.

மூன்று நாளில் பதில் சொல்லச் சொல்கிறார்கள். எப்படி முடிவெடுப்பது?

ஒரு வாரம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். அந்த வாரத்தில் ஒரு வேலைநாள் லீவு போட்டுவிட்டு அந்த ஊருக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், எந்த ஊரும் ஞாயிற்றுக்கிழமை அழகாகத்தான் இருக்கும். காலை எட்டு மணிக்கு, நீங்கள் குடியிருக்கப்போகும் இடத்திலிருந்து வேலை செய்யும் இடம் வரை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். தொழிற்சாலை வாசல் டீக்கடையில் நில்லுங்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் பேசுவதில் பாதி பதில் கிடைக்கும். முடிந்தால் வீட்டில் ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

வீட்டுச் சாமான்களை எல்லாம் எடுத்துப் போக வேண்டுமா?

வேண்டாம். கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் ஆறு மாதம் இங்கேயே இருக்கட்டும். ஒரு குக்கர், இரண்டு பாய், சான்றிதழ் ஃபைல், மாத்திரைகள், அம்மா அரைத்துக் கொடுக்கும் மிளகாய்த்தூள். ஆறு மாதம் கழித்து இருக்கப்போகிறோம் என்று தெரிந்தால் லாரிக்குச் சொல்லலாம்.